வடிவின் ரத்தமும் பரமசிவத்தின் சதவீதமும்

நவம்பர் 12, புதன்

இந்த டைரியில் இதுவரை நான் எழுதியதெல்லாம் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும் பால்காரர் வராத நாளும்தான். இன்று வேறு விஷயம் எழுதுகிறேன். வடிவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறோம். எனக்குச் சண்டை போட ஆள் இல்லை.

சண்முகவடிவு என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. புருஷன் போன பிறகு எங்கள் மாடிக்குக் குடிவந்தவள், பிள்ளைகள் கிடையாது. தினமும் காலையில் இறங்கி வருவாள், அடுக்களையை ஒரு சுற்றுப் பார்ப்பாள், "மதினி, கொழம்புல தேங்கா கூடிப்போச்சு" என்பாள். அப்போது நான் தேங்காயையே உடைத்திருக்க மாட்டேன்.

இன்று காலை அவள் இறங்கி வரவில்லை. நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். இரண்டாவது காபியும் குடித்த பிறகு நிம்மதி போய்விட்டது. மாடி ஏறிப் பார்த்தால் போர்வைக்குள் கிடந்து நடுங்கிக்கொண்டிருக்கிறாள். உடம்பு கொதிக்கிறது. என்னைப் பார்த்து, "மதினி, நேத்து நீங்க வச்ச கொழம்பு ரொம்ப நல்லாருந்துது" என்றாள். புத்தி தடுமாறாமல் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வராது. உடனே ஆட்டோவுக்குச் சொல்லி, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

டாக்டர் நஸ்ரின் என்று ஒரு பெண். காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது, ஆனால் பேச்சு தெளிவு. சிறுநீரகத்தில் கல் அடைத்து, பின்னால் தேங்கிய நீரில் கிருமி பெருகி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். அதோடு போடுகிற சண்டையில் உடம்பு தன்னையே அடித்துக்கொள்கிறதாம். அதற்கு செப்சிஸ் என்று பெயர். எத்தனை நாளாக நீர்க்கடுப்பு இருந்ததோ, யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊர் உடம்பில் இருக்கிற குறையெல்லாம் சொல்லுவாள், தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

ரத்தத்தில் லாக்டேட் 5.8, புரோகால்சிடோனின் 38. முதலாவது, உடம்புக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்பதைக் காட்டும். இரண்டாவது, கிருமியின் உக்கிரத்தைக் காட்டும். இரண்டும் இறங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது. இதைச் சொன்ன நேரத்தில் என் வீட்டுக்காரர் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் எண்கள் மட்டும் விழுந்தன.

சாயங்காலம் அடைப்பைத் தாண்டி ஒரு குழாய் வைத்து நீரை வடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மாடியைப் பெருக்கினேன். தூசி கீழேதானே வரும்.

நவம்பர் 13, வியாழன்

மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள். வாயில் குழாய். வடிவைப் பேச விடாமல் செய்ய இவ்வளவு பெரிய மெஷின் வேண்டியிருக்கிறது.

டாக்டர் நஸ்ரின் ஒரு காகிதத்தோடு வந்தது. ஒரு ஆராய்ச்சி செய்கிறார்களாம். செப்சிஸ் வந்தவர்களிடம் தினமும் ஒரு ஸ்பூன் ரத்தம் கூடுதலாக எடுத்து வைத்து, அதிலிருக்கிற சில பொருள்களைச் சேர்த்துப் பார்த்தால் யார் பிழைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்களாம்.

"சொல்லி என்ன செய்யப் போறீய?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"யாருக்கு அவசரமா கூடுதல் கவனிப்பு வேணும்னு முதல் நாளே தெரியும் சார். ஆனா இந்த ரிசல்ட்ட இப்ப உங்களுக்கும் சொல்ல மாட்டோம், எங்களுக்கும் தெரியாது. எல்லாரோடதும் முடிஞ்சாதான் பிரிச்சுப் பார்ப்போம்."

அவர் என்னைப் பார்த்தார். கையெழுத்தைப் போடுங்க என்றேன். யாரும் பார்க்காத எண்ணால் யாருக்கு என்ன கெடுதல்? பார்க்கிற எண்கள்தான் பாடாய்ப் படுத்துகின்றன. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன், ஹைஸ்கூல் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். வருஷா வருஷம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் போர்டில் ஒட்டியவர். இன்று ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்: 'வடிவுக்கு புரோகால்சிடோனின் நேற்று 38. இன்று 61. திருச்செந்தூர் முருகன் அருளால் நல்ல முன்னேற்றம்.'

கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழுந்தன. தென்காசியிலிருந்து ஒருவர் பட்டாசு வெடிக்கிற படம் அனுப்பினார். இன்னொருவர், 'நம்ம வடிவு எப்பவும் ஃபர்ஸ்ட் கிளாஸ்.'

கனடாவிலிருந்து பரமசிவம் எழுதினான். பரமசிவம் என்றால் இவருடைய சித்தி பிச்சம்மாவின் மகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 'அண்ணே, அது கூடினால் நல்லதில்லை.' கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: 'நெட்டில் இருக்கிற ஐ.சி.யூ. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். இறப்பு வாய்ப்பு 58 சதவீதம்.' அதன் கீழே ஒரு கும்பிடு.

தென்காசிக்காரர் பட்டாசுப் படத்தை அழித்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் வெயிட்டிங் ஹாலில் டி.வி.க்குக் கீழே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் காபி வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"முப்பத்தஞ்சு வாங்குனா பாஸ்னு நெனச்சுட்டேன் ஏளா" என்றார்.

நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அது சிரிப்பாக இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

லாக்டேட் 6.9. ரத்த அழுத்தம் ஏற மாட்டேன் என்கிறது, மருந்தின் பலத்தில்தான் நிற்கிறது. பரமசிவம் காலையிலேயே கணக்கை முடித்துவிட்டான். 69 சதவீதம். அந்தக் குரூப்பை விட்டு வெளியே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன், எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை. இதெல்லாம் வடிவுதான் செய்து தருவாள்.

உள்ளே ஒருவர்தான் போகலாம், கொஞ்ச நேரம்தான் நிற்கலாம். இவர் நேற்றுப் போய் அழுதுவிட்டு வந்தார், அதனால் இன்று என்னைப் போகச் சொன்னார். செருப்பைக் கழற்றி, பச்சை அங்கி மாட்டி, வாயைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். கை வீங்கியிருந்தது. முகம் அவள் முகமாக இல்லை. என்ன பேசுவது? பக்கத்துக் கட்டில்காரர்கள் காதில் மந்திரம் சொல்கிறார்கள், திருநீறு பூசுகிறார்கள். எனக்கும் அவளுக்கும் அந்த மாதிரிப் பழக்கம் கிடையாது.

"ஏட்டி வடிவு, மாடியில இருந்த ஒன் ரோசாச் செடிய எல்லாம் வெயிலு படட்டும்னு வாசல்ல எடுத்து வச்சேன். ஆடு மேஞ்சுட்டுப் போயிட்டு" என்றேன்.

சுத்தப் பொய். எங்கள் தெருவில் ஆடே கிடையாது. ஆனால் தலைக்கு மேலே இருந்த பெட்டியில் ரத்த அழுத்தத்தின் எண் விறுவிறுவென்று ஏறியது. நர்ஸ் ஓடி வந்து, "என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்றாள். வீட்டு விஷயம் என்றேன்.

வெளியே வந்து டாக்டர் நஸ்ரினிடம் சொன்னேன். சிரித்தது. "இப்பத்தான் மருந்தோட அளவக் கூட்டுனோம்மா, அதனாலதான் ஏறியிருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் சாயங்காலமும் வந்து பேசுங்க" என்றது.

சாயங்காலம் தயாராகப் போனேன். தோசை மாவில் வெந்தயம் போடவில்லை என்றேன். அவளுடைய மிக்ஸியில் மஞ்சள் அரைத்தேன் என்றேன். அவள் ஒளித்து வைத்திருக்கிற முந்திரிப் பருப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அது மட்டும் உண்மை. பெட்டியில் எண் அசையவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நர்ஸ் போகச் சொல்லும் வரை. கை சில்லென்று இருந்ததால்தான் பிடித்தேன்.

நவம்பர் 15, சனி

பிச்சம்மா சித்தி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டாள். கையில் பெரிய பை. நலம் விசாரிக்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வருவார்கள். சித்தி மாற்றுச் சேலை, தலையணை உறை, தைலம், பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் தங்குவதற்கு வேண்டியதெல்லாம் கொண்டு வந்திருக்கிறாள். சொந்தத்தில் எந்தச் சாவு வீட்டிலும் முன்னால் நின்று நடத்துவது அவள்தான். சின்னத் தப்பு நடக்க விட மாட்டாள்.

டாக்டர் காலையில் சொன்னது இதுதான். என்ன கிருமி என்று வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டது, கிருமி பழைய மருந்துக்குப் படியவில்லை, இன்று மருந்தை மாற்றியிருக்கிறோம். "ரெண்டு நாள் டைம் குடுங்க. ஒரு நாள் எண்ண வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. எந்தத் திசையில போகுதுன்னுதான் பாக்கணும்."

பரமசிவம் சொன்னது: 78 சதவீதம்.

இரண்டில் சித்தி எதை எடுத்துக்கொள்வாள்?

"எம் மவன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துல்லா சொல்லுதான், தப்பாது. ஏல ஆவுடை, அந்தப் பிள்ளைய இன்னும் என்னத்துக்குக் குத்திக் குத்தி ரத்தம் எடுக்கவிடுத? ஒரு கையெழுத்தப் போட்டு வீட்டுக்குக் கொண்டுட்டுப் போ. கூடத்துல கெடத்தி, வாயில ரெண்டு சொட்டு தாமிரவருணித் தண்ணிய ஊத்துனா நிம்மதியாப் போவா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஏளா, அவ ரொம்பக் கஷ்டப்படுதாளோன்னு இருக்கு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். வெயிட்டிங் ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் முப்பது வருஷம் ஆயுள் காப்பீட்டு ஆபீசில் குப்பை கொட்டியவள். எந்த வயதில் நூறு பேரில் எத்தனை பேர் போவார்கள் என்று அட்டவணை வைத்திருப்போம். அந்த அட்டவணை எங்கள் கம்பெனியை நஷ்டப்படாமல் காப்பாற்றியது, அவ்வளவுதான். நூறு பேரில் யார் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

"சித்தி, நூறு பேர்ல எழுவத்தெட்டு பேரு போவாவன்னு ஒங்க மவன் சொல்லுதான். சரி, இருக்கட்டும். மிச்சம் இருவத்திரண்டு பேரு இருக்காவள்லா? அதுல ஒருத்தி வடிவு இல்லன்னு அவனுக்கு யாரு சொன்னா? மெஷின எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போனா அது எழுவத்தெட்டு இல்ல, நூறு. அந்தக் கணக்க அவன் போட்டானா?"

"சாவு கணக்குப் பாத்தா வருது? நீ ஏன் என்னைய வையுத?"

"நான் ஒங்கள வையல. கணக்கு கேக்கேன்."

சித்தி மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கும் வடிவு மேல் பாசம் உண்டு, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடிவைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு வேறு ஒரு பயமும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரிய அத்தை விடியற்காலையில் இறந்தபோது எந்தக் கடையும் திறக்கவில்லை, பிறந்த வீட்டிலிருந்து போர்த்த வேண்டிய கோடிச் சேலைக்கு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக்காரி பீரோவில் வைத்திருந்த புதுச் சேலையை வாங்கிப் போர்த்தினோம். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

"கோடி கூட எடுத்து வைக்கலயே ஏட்டி. வடிவுக்குமா அப்பிடி ஆகணும்? பொறந்த வீடுன்னு நீங்க ரெண்டு பேரும் இருந்து என்னத்துக்கு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. "கோடிதான? நாளைக்கி நானே போயி எடுத்து வைக்கேன். எடுத்து வச்சிட்டா, டாக்டர் கேட்ட ரெண்டு நாளு முடியுற வரைக்கும் வீட்டுக்குக் கொண்டு போற பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. சரியா?"

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி. ஆனா சந்தனக் கலருலயோ வெள்ளையிலயோ எடு. புருஷன் இல்லாதவ."

உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி எடுக்கப் போகிறேன். நல்லா இருக்கு என் பிழைப்பு.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. டவுனில் ரதவீதி முழுக்கத் தண்ணீர். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக்கொண்டு ஒரு ஜவுளிக்கடைக்குள் ஏறினேன். விற்பனைக்கு நின்றவர் வழுக்கைத் தலை, நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு.

"வாங்கம்மா, என்ன விசேஷம்?"

எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோடிக்கு என்று சொன்னால் தனியாக ஒரு அடுக்கு வைத்திருப்பார்கள், நிமிஷத்தில் வேலை முடியும். வாய் வரவில்லை.

"பொறந்தநாளு" என்றேன்.

"யாருக்கும்மா?"

"நாத்தனாருக்கு."

"நாத்தனாருக்கா!" என்று அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "முப்பது வருசமா கடையில நிக்கேன், நாத்தனாருக்குப் பொறந்தநாளுன்னு மழையில நனஞ்சு வந்த மதினிய இன்னைக்குத்தான் பாக்கேன். உக்காருங்க. டீ குடிக்கியளா?"

அப்புறம் என்ன, கடையையே இறக்கிவிட்டார். சந்தனக் கலர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். "பொறந்தநாளுக்கு எதுக்கும்மா சந்தனம்? தினப்படிக்குக் கட்டுதது அது" என்று ஒதுக்கிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். வருஷா வருஷம் தீபாவளிக்கு அவளுக்கு நான்தான் சேலை எடுக்கிறேன். சந்தனம், சாம்பல், வெளிர் நீலம், மறுபடியும் சந்தனம். யார் என்ன சொல்லிவிடுவார்களோ என்று கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுத்துவிடுவேன். அவளும் "நெறம் சுமாரு" என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொள்வாள்.

"ஆளு என்ன நெறம்?"

"என்னைய மாதிரிதான். ஒரு மாத்து கூட."

"அப்ப ஒங்க தோள்லயே போட்டுப் பாருங்க."

கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மாம்பழ மஞ்சள் அவளுக்கு எடுக்காது. அரக்கு என்றால் வயசாகத் தெரியும். மயில் கழுத்து நிறத்தை எடுத்தால், "மதினி, இது கல்யாண வீட்டுச் சமையக்காரி கட்டுவா" என்பாள், எனக்குக் காதில் கேட்டது. கடைசியில் கத்திரிப்பூ நிறத்தில், கிளிப்பச்சைக் கரை போட்ட ஒன்று. பட்டும் பருத்தியும் கலந்தது. தோளில் போட்டதும் கடைக்காரர் மற்றதையெல்லாம் மடிக்க ஆரம்பித்துவிட்டார். இதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"அவங்களையும் ஒருநா கூட்டிட்டு வாங்கம்மா. நூறு வயசு இருக்கட்டும்" என்று பையை நீட்டினார். நான் சரியென்று தலையாட்டிவிட்டு மழைக்குள் இறங்கினேன். முகம் நனைந்திருந்தால் மழையில் யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆஸ்பத்திரியில் சித்தி பையைப் பிரிக்கப் போனாள். "பிரிக்காதீங்க சித்தி, கோடிய நேரத்துக்கு முன்னால பிரிச்சுப் பாக்கப்படாது" என்று அதட்டினேன். அப்படி ஒரு சாஸ்திரம் கிடையாது, அந்த நிமிஷம் நான் உண்டாக்கியது. ஆனால் தனக்குத் தெரியாத சாஸ்திரம் ஒன்று இருக்கிறது என்று சித்தி ஒப்புக்கொள்வாளா? "ஆமா ஆமா, பாக்கப்படாது" என்று கையை எடுத்துவிட்டாள்.

லாக்டேட் 6.2. இறங்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். "நாளைக்குப் பாப்போம்மா" என்றது.

நவம்பர் 17, திங்கள்

4.1.

நவம்பர் 18, செவ்வாய்

லாக்டேட் 2.3. புரோகால்சிடோனின் 84 வரைக்கும் ஏறி நின்றது, இன்று 30. முப்பத்தைந்துக்குக் கீழே வந்து ஃபெயிலாகிவிட்டாள் என் வடிவு!

இவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "எறங்குனா நல்லதுதானே? நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னொருக்கக் கேளு."

இன்னொரு தடவை கேட்டேன். டாக்டர் நஸ்ரின் அவரிடமே வந்து, "சார், இந்தப் பரீட்சையில மார்க் குறையக் குறையத்தான் பாஸ்" என்றது. அவர் அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

குரூப்பில் அவர் எதுவும் போடவில்லை. நான்தான் போட்டேன், தப்பும் தவறுமாக டைப் அடித்து. பரமசிவம் உடனே, '41 சதவீதம்' என்றான். நல்ல பையன்தான். தூரத்தில் இருக்கிறவன், வேறு என்ன செய்வான்?

நவம்பர் 20, வியாழன்

வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டார்கள். லாக்டேட் 1.2, எனக்கே அவ்வளவுதான் இருக்குமாம்.

முதலில் என்னைத்தான் உள்ளே விட்டார்கள். அவள் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை, காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"தலையச் சீவக்கூட நேரம் இல்லையா மதினி?"

நான் அங்கியோடு அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். நர்ஸ் வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வெளியே இருந்தவர்கள் சேதி வேறு மாதிரி என்று நினைத்து எழுந்துவிட்டார்கள், சித்தி நெஞ்சில் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். "ஐயோ சித்தி, அவ பேசுதா! என்னையக் கொற சொல்லுதா!" என்று கத்த வேண்டியதாகிவிட்டது.

நவம்பர் 22, சனி

வார்டுக்கு மாற்றியாயிற்று. இட்லி கல்லாக இருக்கிறதாம். ஆஸ்பத்திரி இட்லி என்று சொன்னேன். நான் சுட்டது என்றே நினைத்தாளாம்.

நவம்பர் 24, திங்கள்

கோடியை என்ன செய்வது என்று எனக்கு நாலு நாளாக ஒரே குழப்பம். திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் பிறந்தநாள் எப்படி நடந்தது என்று கேட்பார். இவர், "கோயில்ல யாருக்காவது குடுத்துரு, வீட்டுல வைக்காத" என்கிறார். வடிவுக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் என் துணிப்பைக்குள் வைத்திருந்தேன்.

சித்தி இன்னும் ஊருக்குப் போகவில்லை. துக்கத்துக்கென்று மூட்டை கட்டி வந்தவளுக்கு, ஆள் பிழைத்த பிறகு எப்படிக் கிளம்புவது என்று தெரியவில்லை போல. இன்று காலை வடிவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, எங்கே இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "ஏட்டி பகவதி, அந்தக் கோடிய என்ன செஞ்ச?" என்று என்னிடம் கேட்டுவிட்டாள்.

சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாருக்குக் கோடி?" என்றாள் வடிவு.

இவர் ஜன்னல் கொக்கியைப் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். வடிவு ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அட பாவிகளா" என்றாள். பிறகு, "எங்க, எடுங்க பாப்போம். எனக்கு எடுத்தத நான் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம்ட்டி, அது ஆகாது" என்றாள் சித்தி.

"செத்தவளுக்குத்தான் சித்தி ஆகாது. நான் இருக்கேன்ல."

சொன்னால் விடுகிறவளா அவள்? பையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். இன்னும் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, அந்தக் கையாலேயே மெதுவாகப் பிரித்தாள். கத்திரிப்பூ நிறம் அந்த ஆஸ்பத்திரிப் போர்வை மேல் விரிந்தது. சித்தி, "ஏட்டி, நான் சந்தனக் கலரு சொன்னேனே!" என்று வாயில் கை வைத்தாள்.

வடிவு முந்தியை எடுத்துப் பார்த்தாள். துணியைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். கரையை விரலால் தடவினாள். நான் காத்துக்கொண்டிருந்தேன், என்ன குறை சொன்னாலும் திருப்பிக் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது. கரை பெரிது என்றால், உன் வாயை விடச் சின்னதுதான் என்று சொல்லுவேன். நிறம் அடிக்கிறது என்றால், படுத்துக் கிடந்தவளுக்கு இது போதும் என்று சொல்லுவேன்.

அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இளைத்துக் கறுத்த முகத்துக்கு அது அப்படி எடுத்தது. தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் மதினி, செத்தாத்தான் எனக்கு நெறமா ஒரு சேல எடுத்துத் தருவியளோ?"

சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் வெளியே போய்விட்டார். நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலிருந்து நழுவிய முந்தியைச் சரிசெய்தேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

வீட்டுக்குப் போகிற அன்றைக்கு இதைத்தான் கட்டுவாளாம். ஜாக்கெட் தைக்க வேண்டும். பழைய அளவு எதுவும் இப்போது அவளுக்குச் சேராது, புதிதாக எடுக்க வேண்டும்.